புகைகிற கோபுரம்

அந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்ததும், "ஐயையோ, கோயில் பத்திக்கிட்டு எரியுது!" என்று கத்துவார்கள். தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து கருகருவென்று புகை போய்க்கொண்டிருக்கும். ஒருமுறை பாத்திர வியாபாரி ஒருவர் விற்க வைத்திருந்த புது வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சிந்திக்கொண்டே ஓடி வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் அவரை உட்கார வைத்து, சூடாக ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். அது கோபுரமே இல்லை. பக்கத்து ரொட்டிக்கடை அடுப்பின் புகைபோக்கி. அதைச் சுற்றிச் செங்கல் வைத்து உயர்த்தி, உச்சியில் ஒரு உத்திரம் போட்டு, மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரொட்டி சுடுகிறவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது.

முதலில் இருந்தது கடைதான், தேவாலயம் பிறகு வந்தது. கடையை ஆரம்பித்தவர் ஆற்றில் போகிற படகுகளுக்குக் காய்ந்த ரொட்டி சுட்டுக் கொடுத்தவர். அடுப்புச் சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்து, கடையை ஒட்டி மாவுக் கிடங்கு ஒன்று கட்டினார். ஈரம் ஏறினால் மாவு கெட்டுவிடும் என்று தரையை இடுப்பு உயரத்துக்கு மேடாக்கினார். ஒரு வருஷம் ஆறு பொங்கித் தெருவுக்குள் வந்தபோது, ஊரில் நனையாமல் நின்றது அந்தக் கிடங்கு மட்டும்தான். ஜனங்கள் மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதார்கள், ஜெபம் செய்தார்கள், நடுநடுவே ரொட்டி தின்றார்கள். தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் தலை சீவிக்கொண்டு மறுபடியும் கிடங்கு வாசலில் வந்து நின்றார்கள்.

"என்னய்யா, இன்னும் தண்ணி வடியலையா?" என்றார் கடைக்காரர்.

"வடிஞ்சிடுச்சு. இங்க ஜெபம் பண்ணினா கேட்குது, அதான் வந்தோம்" என்றார்கள்.

அவர், அடுத்த லோடு மாவு வருகிற வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தார். மாவும் வந்தது. ஜனங்களை எழுப்ப மனசில்லாமல் மூட்டைகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். அவ்வளவுதான், கிடங்கு தேவாலயமாகிவிட்டது. பிறகு ஜன்னல் வந்தது, பெஞ்சுகள் வந்தன. காய்ச்சல் பரவின வருஷத்தில் பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு, சூடான அடுப்புச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். குளிர்காலத்தில் அந்தச் சுவரோரப் பெஞ்சுக்கு நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

அப்புறம் எங்கிருந்தோ ஒரு மணி வந்து சேர்ந்தது. மணிக்குக் கோபுரம் வேண்டுமே? அப்போது கடையை நடத்தியவர் முதல் கடைக்காரரின் பேரன். "புகைபோக்கி சும்மாதானே நிக்குது, அதைச் சுத்திக் கட்டினா செங்கல் பாதிதான் ஆகும்" என்றார். சிக்கனம் ரத்தத்தில் ஊறிய குடும்பம். ஊருக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து கோபுரம் புகைந்துகொண்டிருந்தது. மணியை எத்தனை தடவை துலக்கினாலும் ஒரே வாரத்தில் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். வந்த போதகர்கள் ஒவ்வொருவரும் முதலில் முகம் சுளித்தார்கள். ஆராதனை நேரத்தில் ரொட்டி வாசனை வந்தால் ஜனங்களின் கவனம் வசனத்தில் நிற்குமா? நிற்காது. அதனால் வாசனை வந்ததும் பிரசங்கத்தை முடித்துவிடுவது என்று போதகர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பிரசங்கம் நீளும்போல் தெரிந்தால், யாராவது ஜன்னல் பக்கம் திரும்பி, "ரொட்டியம்மா, உள்ளே தள்ளும்மா" என்று முணுமுணுப்பார்கள்.

இந்த ரொட்டியம்மாவின் கதைதான் இது.

அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மணியைத் தொங்கவிட்டவரின் மூத்த பேரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரொட்டிக்காரர் போன மழையில் பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. குனிந்து நிமிர முடியாது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார், வருகிறவர்களை வாயால் வம்புக்கு இழுப்பார். மற்றதெல்லாம் அவள் தலையில்.

மாவைத் தொட்டியில் கொட்டி, நேற்றைய புளித்த மாவைச் சேர்த்து, முழங்கை வரை இறங்கிப் பிசைவாள். அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, தணலை ஓரத்துக்கு ஒதுக்கி, நீளக் கம்பில் கட்டிய ஈரச்சாக்கால் தரையைத் துடைப்பாள். சூடு பார்ப்பதற்கு இந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. அடுப்புக்குள் கையை நீட்டி, பரமண்டல ஜெபத்தை மனசுக்குள் சொல்ல வேண்டும். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம். ஆமென் வரை தாங்கினால் சூடு பத்தாது. கடைசி வரிக்கு முந்தின வரியில் பொறுக்க முடியாமல் போனால், அதுதான் பதம். கல்யாணமான புதிதில் அவள் ஜெபத்தை வேகமாகச் சொல்லி ஏமாற்றப் பார்த்து, ஒரு அடுப்பு ரொட்டி முழுவதையும் பச்சையாக எடுத்தாள். அதைச் சொல்லிச் சொல்லி ரொட்டிக்காரர் இன்னும் சிரிப்பார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மதியம், கடை காலியாக இருந்த நேரத்தில், கொழுந்தன் வந்து நின்றான். ரொட்டிக்காரரின் ஒரே தம்பி. ஆபீஸில் குமாஸ்தா வேலை, தேவாலயக் கமிட்டியில் செயலாளர் பதவி. எதற்கெடுத்தாலும் ஒரு நோட்டீஸ் எழுதி வாசலில் ஒட்டிவிடுவான் என்பதால் ஊர் அவனுக்கு வைத்த பெயரும் நோட்டீஸ்தான். உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை.

"அண்ணி, கோபிச்சுக்காதீங்க. இது நான் தனியா எடுத்த முடிவு இல்ல. கமிட்டி முடிவு."

"கமிட்டின்னா யாரு? நீங்க, அப்புறம் தூங்கிட்டே கை தூக்குற ரெண்டு பெரியவங்க. சொல்லுங்க."

"இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போனார். கோபுரத்துல விரிசல் விட்டிருக்கு. அடுப்புச் சூட்டுல கலவையெல்லாம் வறண்டு உதிருதாம். இனிமே அந்த அடுப்பை எரிக்கக் கூடாதுங்கறார்."

ரொட்டியம்மா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "எரிக்காம? ரொட்டியை வெயில்ல காயவைக்கவா? வெயில்கூட இல்லையே இப்ப."

"வேற ஊர்ல எல்லாம் மின்சார அடுப்புல சுடறாங்க அண்ணி..."

"சுடட்டும், நல்லா இருக்கட்டும். உங்க அண்ணன் எந்திரிச்சு நடக்க முடியாம உட்கார்ந்திருக்கிறாரு. இருக்கிற ஒரு அடுப்பையும் அணைச்சுட்டு, நாங்க புதுசா ஒண்ணு வாங்கி, அது வர்ற வரைக்கும் எதைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கிறது? உங்க நோட்டீஸையா?"

நாற்காலியிலிருந்து ரொட்டிக்காரர், "அதுல பசை நல்லா இருக்கும்" என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. "அண்ணே, விளையாட்டு இல்ல. கோபுரம் விழுந்துட்டா நம்ம குடும்பப் பேரே போயிடும்."

"பேரு உங்களுக்கு, வயிறு எங்களுக்கு" என்றாள் அவள். "நல்ல பங்குதான். நான் அடுப்பை அணைக்க மாட்டேன் தம்பி. போய்க் கமிட்டிகிட்ட சொல்லிடுங்க."

அவன் போன பிறகும் அவளுக்கு ஆறவில்லை. பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். "பொறாமைங்க. ஆபீஸ்ல நாற்காலியைத் தேய்க்கிறவருக்கு, நாம நாலு பேருக்குச் சோறு போடற மாதிரி இருக்கிறது கண்ணை உறுத்துது. விரிசலாம்! ஏறிப் பாத்தாராமா இவர்?"

"அவனுக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும். ஆனா பொய் சொல்ற பய இல்ல" என்றார் ரொட்டிக்காரர். "சின்ன வயசுல ரொட்டி திருடித் தின்னா, தின்னுட்டு வந்து அவனே சொல்லிடுவான். அவனோட சேந்து தின்ன நான்தான் மாட்டிக்குவேன்."

"அப்ப நானே ஏறிப் பாக்கறேன்."

"இடுப்பு உடைஞ்ச ஆள் ஒருத்தர் போதாதா வீட்டுக்கு?"

அவள் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். மறுநாள் மழை விட்ட நேரம் பார்த்துக் கொத்தனாரைக் கூட்டிவரச் செய்தாள். அடுப்பின் வாயைப் பல தடவை பூசிக்கொடுத்தவர், அளந்து பேசுகிற மனுஷன். கோபுரத்தின் வெளிப்பக்கம் இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். அவர் முன்னால் ஏற, அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். கீழே நாலு பேர் கூடிவிட்டார்கள். "ரொட்டியம்மா, மேலேருந்து எங்க வீட்டுக் கூரை ஒழுகுதான்னு பாத்துச் சொல்லு!" என்று ஒருத்தி கத்தினாள். "உன் வீட்டு ஒழுகலுக்கு மேல ஏறணுமா? தெருவுலேருந்தே தெரியுது" என்று இவளும் கத்தினாள்.

மேலே போய்ச் சேர்ந்தார்கள். மணி தொங்கிய உத்திரம் கன்னங்கரேல் என்றிருந்தது. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் கம்பியை எடுத்தாள். ரொட்டி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற கம்பி. உத்திரத்தில் வைத்து அழுத்தினாள். வேகாத மாவில் இறங்குவதுபோல் பாதிக் கம்பி உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது கரித்தூள் கொட்டியது. இத்தனை வருஷம் புகையில் வெந்து, மரம் மரமாகவே இல்லை.

"இங்க பாருங்கம்மா" என்றார் கொத்தனார். கோபுரமும் தேவாலயக் கூரையும் சேருகிற இடம். அவள் விரிசலில் கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரை போனது. குனிந்து கண்ணை வைத்தாள். உள்ளே, நேர் கீழே, முன்வரிசைப் பெஞ்சு தெரிந்தது. கொழுந்தன் பிள்ளைகள் உட்கார்கிற பெஞ்சு. கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பை அணைச்சுட்டா விரிசல் நின்னுடுமா?"

"விட்டது விட்டதுதாம்மா. இனி சூடு ஏறலேன்னா கோபுரம் இன்னும் கொஞ்ச காலம் நிக்கும். இன்ஜினியர் சொன்னது தப்பில்ல."

"வேற வழி?"

கொத்தனார் மூக்கைச் சொறிந்தார். "பாரம் முழுக்க மேலதான் இருக்கு. மணி, உத்திரம், சுத்துச் சுவர். இதை இறக்கிட்டா கீழே இருக்கிற புகைபோக்கி கல்லு மாதிரி நிக்கும். அது பழைய கட்டு."

"புகைபோக்கியை மட்டும் வேற பக்கம் திருப்ப முடியாதா?"

"அடுப்போட வயித்தைக் கிழிக்கணும். கிழிச்சா மறுபடி மூடாது. மேல குறைச்சா புகைபோக்கி குட்டையாயிடும், பாத்துக்கங்க. சரியா இழுக்காது. காத்து மாறினா புகை கடைக்குள்ளதான் திரும்பும். இருமிக்கிட்டேதான் சுடணும்."

இறங்கி வந்து நேராக ரொட்டிக்காரரின் எதிரில் போய் நின்றாள். மூஞ்சியெல்லாம் கரி.

"என்ன, பொறாமை தெரிஞ்சுதா மேலே?" என்றார் அவர்.

"சும்மா இருங்க. உங்க தம்பி சொன்னது நெசம். என் கையே உள்ள போவுது." அவள் சாக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "நம்ம அடுப்புதாங்க அதைத் தின்னிருக்கு. தினமும் நான்தான் விறகு வெச்சிருக்கேன். அங்க பிள்ளைங்க உட்காருதுங்க."

ரொட்டிக்காரர், "அப்ப அணைச்சுட வேண்டியதுதானா?" என்று கேட்டார். அவர் குரல் உடைந்ததை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். இடுப்பு உடைந்தபோதுகூட அவர் தமாஷ்தான் பேசினார்.

"அணைச்சாலும் அது பிள்ளைங்க தலைக்கு மேலதானே நிக்கப் போவுது? அடுப்பும் அணையக் கூடாது, அதுவும் யார் தலையிலயும் விழக் கூடாது. கோபுரத்தை இறக்கிடுவோம்."

"ஊரு ஒத்துக்குமா?"

"ஒத்துக்க வைக்கிறேன்."

அன்றைக்குச் சாயங்காலமே கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே, "தம்பி, நான் பேசினது தப்பு. ஏறிப் பாத்தேன். நீங்க சொன்னது சரி" என்றாள். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் பெண்டாட்டி ஓடிப்போய்க் காபி போட்டாள். காபி கைக்கு வருவதற்குள் ரொட்டியம்மா மீதியையும் சொன்னாள். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"கோபுரத்தை இடிக்கிறதா? அண்ணி, கோபுரம் இல்லாத கோயிலா?"

"மாவுக் கிடங்கா இருந்தப்ப கோபுரமா இருந்துச்சு? ஜனங்க வந்து உட்காரலையா? மணியைக் கீழே ஒரு கம்பத்துல கட்டிக்கலாம். கை கூட எட்டும்."

"எங்க தாத்தா கட்டினது அது."

"அடுப்பு மட்டும் யாரு கட்டினது? எங்க தாத்தாவா?"

"முடியாது" என்றான். அவன் அப்படிக் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை தேவாலயத்தில் கூட்டம் போட்டார்கள். போதகர் புதிதாக வந்தவர், யார் பேசினாலும் தலையாட்டுகிற சுபாவம். அவள் பேசியபோதும் ஆட்டினார், கொழுந்தன் பேசியபோதும் ஆட்டினார். ஊருக்கு முடிவெடுக்க முடியவில்லை. கோபுரம் போனால் தூரத்திலிருந்து வருகிறவனுக்கு ஊரே தெரியாதே என்றார் ஒருவர். ரொட்டி வெளியூரிலிருந்து வேனில் வந்துவிடும், கோபுரம் வேனில் வருமா என்றார் இன்னொருவர். அதைச் சொன்னவர் தினம் காலையில் கடைவாசலில் முதல் ஆளாக நிற்கிறவர். அவளுக்கு அதுதான் சுருக்கென்றது. கடைசியில், மழை முடிந்ததும் கோபுரத்துக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்குவது, அதுவரை அடுப்பு எரியக் கூடாது, ஆராதனை வழக்கம்போல் நடக்கும் என்று கொழுந்தன் எழுதி வாசித்தான்.

"மழை எப்ப முடியும்?" என்று கேட்டாள் அவள்.

"அது கர்த்தர் சித்தம்" என்றார் போதகர்.

"சரி. அடுப்புச் சூடு ஆபத்து, அதனால அடுப்பு கூடாது. ஒத்துக்கறேன், நாளைக்கு எரிக்கல. அப்ப அதே ஆபத்துக்கு நேர் கீழே பிள்ளைகளை உட்கார வெச்சுப் பாட்டுப் பாடறது மட்டும் ஆபத்து இல்லையா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று கலைந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவள் கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு காலை விடிந்ததில்லை. ரொட்டிக்காரர் அடுப்பின் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். அவள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் கொழுந்தன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள்.

அவள் உட்காரவில்லை. புருஷனைத் தூண் ஓரம் நிறுத்திவிட்டு, கடைசிப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். தேக்குப் பெஞ்சு. தரையில் கிறீச்சென்று ஒரு சத்தம் எழுந்தது, எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னம்மா பண்றே?" என்றார் போதகர்.

"வெளியே உட்காரப் போறேன் ஐயா. நீங்க சத்தமாப் பேசுங்க, கேட்டுக்கறேன்."

மூச்சிரைத்தது. பெஞ்சு ஒரு முழம் நகரும், நிற்கும். தினம் மாவு பிசைகிற கை, விட்டுக்கொடுக்கவில்லை. வாசற்படியில் இறக்கும்போது ஒரு கால் மாட்டிக்கொண்டது. ரொட்டிக்காரர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் தூக்கிவிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தில், கோபுரம் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் பெஞ்சைப் போட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு குடைதான் இருந்தது.

"பாதி ஊரு சிரிக்குது" என்றார் அவர்.

"சிரிக்கட்டும். உசுரோட இருந்தாத்தான் சிரிக்க முடியும்."

முதல் பாட்டு முடிவதற்குள் ஒரு கைக்குழந்தைக்காரி எழுந்து வெளியே வந்தாள். மேலே பார்த்துக்கொண்டே பாட முடியவில்லை என்றாள். பிறகு, இவள் கோபுரம் ஏறினபோது கீழேயிருந்து வம்புக்கு இழுத்தவள் இன்னொரு பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்தாள். வேனில் ரொட்டி வரும் என்றவரும் வந்தார். இவள் முகத்தைப் பார்க்காமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், பெஞ்சும் குடையுமாக முற்றம் நிறைந்தது. கடைசியில் போதகரே வேதபுத்தகத்தை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு ரொட்டி வாசனை இல்லாததால் பிரசங்கத்தை எங்கே நிறுத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை, நனைய நனையப் பேசிக்கொண்டே போனார்.

கொழுந்தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே வந்து ரொட்டியம்மாவின் பக்கத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, அவர் வரமாட்டேங்கிறார். நான் கெஞ்சிப் பாத்துட்டேன்."

ரொட்டியம்மா எழுந்து உள்ளே போனாள்.

வெறும் தேவாலயம் பெரிதாக இருந்தது. அடுப்புச் சுவரில் அதற்குள் ஈரம் பூத்திருந்தது. முன்வரிசையில் அவன் ஒருத்தன் மட்டும் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க தம்பி. ஊரே வெளியே இருக்கு."

"நீங்க ஜெயிச்சுட்டீங்க அண்ணி. போங்க."

"ஜெயிக்கிறதுக்கு இதென்ன பந்தயமா? எந்திரிங்க."

அவன் மேலே பார்த்தான். "சொத்துப் பிரிக்கிறப்ப அண்ணனுக்கு அடுப்பு வந்துச்சு. எனக்குப் படிப்புன்னாங்க. சரின்னு வாங்கிக்கிட்டேன். ஆபீஸ்ல புதுசா யாராவது வந்தா, ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய் இதைக் காட்டுவேன். 'எங்க தாத்தா கட்டினது'ன்னு சொல்வேன். அந்தக் குடும்பத்துல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் அண்ணி. அதையும் இறக்கச் சொல்றீங்க."

பேரு உங்களுக்கு, வயிறு எங்களுக்கு என்று ரொட்டியம்மா எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் மனசில் இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பாவமாக இருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கவும் முடியாது. அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில், பிள்ளைகள் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கதான்."

"விளையாடாதீங்க, போங்க வெளியே."

"மாட்டேன்."

மேலே எங்கோ கலவை உதிர்ந்து, பொடியாகப் பெஞ்சின் மேல் விழுந்தது. அவள் அதைக் கையால் தட்டிவிட்டு மறுபடி மடியில் கை வைத்துக்கொண்டாள். அவன் அந்தப் பொடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, போயிடுங்க. விழுந்துட்டா அண்ணனுக்கு யாரு இருக்கா?" என்று கத்தினான். கத்திய பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கே காதில் விழுந்தது.

அவன் எழுந்தான். எழுந்தவன் அந்தப் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை அவள் தூக்கினாள். இரண்டு பேருமாக அதை வெளியே கொண்டுவந்தபோது போதகர் சட்டென்று ஆமென் சொல்லி முடித்தார்.

அந்த வாரத்திலேயே வேலை ஆரம்பித்தது. மணியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உத்திரம் இறங்கும்போதே இரண்டாக ஒடிந்ததைப் பார்த்து, அதுவரை வம்பு பேசிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். செங்கல்லை எடுக்கிற நேரம் வந்தபோது கொத்தனார் கீழே பார்த்து, "முதல் கல்லை யாரு எடுக்கிறது?" என்று கேட்டார். எல்லாரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். மாடிப்படி ஏறினாலே தலைசுற்றுகிற ஆள், இரும்புப் படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதி உயரம் ஏறினான். கொத்தனார் கொடுத்த கல்லை வாங்கினான். கீழே போட மனசு வரவில்லை அவனுக்கு.

"போட வேண்டாம் தம்பி, கொடுங்க. நான் வாங்கிக்கறேன்" என்று ரொட்டியம்மா கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அப்படியே ஒருத்தர் கை மாற்றி ஒருத்தர் கையாகக் கோபுரம் முழுவதும் தரைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கல்லும் உடையவில்லை.

மறுபடி அடுப்பைப் பற்ற வைத்த அன்றைக்குக் கொத்தனார் சொன்னது அப்படியே பலித்தது. புகை மேலே போகாமல் திரும்பிக் கடைக்குள் வந்தது. ரொட்டிக்காரரின் நாற்காலியே கண்ணுக்குத் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து அவர் இருமல் மட்டும் கேட்டது. "இது சரிப்படாது" என்றார்.

"சரிப்படும்" என்றாள். பின்கதவைத் திறந்து வைத்தாள். மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டாள். பருமனான விறகைத் தள்ளிவிட்டு, காய்ந்த சின்னச் சுள்ளியாகப் போட்டு எரித்தாள். புகை குறைந்தது. சூடும் குறைந்தது. ஒரே தடவையில் சுட்டதை இரண்டு தடவையாகச் சுட வேண்டும், மாவும் இரண்டு தடவை பிசைய வேண்டும். முதல் ரொட்டி அடி கருகி மேலே வெளிறி வந்தது. ஜனங்கள் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள். அவளுக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் நன்றாக வந்தது.

அதற்கு மறுநாள் காலை, அவள் தொட்டிக்குள் குனிந்து முதல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் ஆடியது. கொழுந்தன். ஆபீஸ் சட்டையோடுதான் வந்திருந்தான். உள்ளே வராமல், புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணுமில்ல அண்ணி. ஆபீஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

ரொட்டிக்காரர் என்னவோ தமாஷ் சொல்ல வாயைத் திறந்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். அவள் மாவு ஒட்டிய கையால் முகத்துத் துணியைக் கீழே இறக்கிவிட்டு, தொட்டியின் ஒரு பக்கமாக நகர்ந்து இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டாள்.

"சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். "முழங்கை வரைக்கும்."